மிரளும் காளைக் கன்றை ஏருக்குப் பழக்குவது எப்படி?

சந்தையில் பழகிய உழவு மாட்டு ஜோடி வாங்குவது சிறு விவசாயிக்குப் பெரிய செலவு. வீட்டுப் பசு ஈன்ற காளைக் கன்றை வளர்த்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்கிக் கொண்டால் அச்செலவு மிச்சமாகும். ஆனால் எல்லாக் கன்றுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வரப்பில் கிடக்கும் கோணிப்பையைக் கண்டாலே சில கன்றுகள் துள்ளி ஓடும். இத்தகைய கன்றை அவசரப்பட்டு நுகத்தில் பூட்டி அடித்து இழுத்தால், அது ‘சண்டி மாடு’ என்று பெயர் எடுத்து அடிமாட்டு விலைக்குப் போய்விடுகிறது. மூன்று ஆண்டுகள் போட்ட தீவனமும் உழைப்பும் வீணாகின்றன. சற்றுப் பொறுமையாகப் பழக்கினால் இதே கன்று நல்ல உழவு மாடாகும்.

முரண்டு அல்ல, பயம்

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் அதற்குச் சுற்றிலும் பெரும்பகுதி தெரியும். ஆனால் நேர் பின்புறம் தெரியாது. நிழல், பள்ளம், தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஆகியவற்றின் ஆழத்தைச் சட்டென்று கணிக்கவும் அதனால் இயலாது. நம் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சொலிகூட அதற்குக் கேட்கும். ஆகவே பின்னால் கேட்கும் உரசல் ஒலிக்குக் கன்று ஓடுவது இயற்கை. அந்த நேரத்தில் அடி விழுந்தால், ‘நுகம் என்றால் வலி’ என்று அது மனத்தில் பதித்துக் கொள்ளும். வலி கண்ட இடத்தையும் ஆளையும் மாடு எளிதில் மறப்பதில்லை.

உடல்நலத்தைப் பாருங்கள்

பழக்கத் தொடங்கும் முன் கன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்திருந்தாலும், காதில் உண்ணி ஏறியிருந்தாலும், குளம்பில் புண் இருந்தாலும் மாடு மிரளும். காயடிப்பதையும் மருத்துவரைக் கொண்டே செய்து, வீக்கம் முற்றிலும் வடிந்த பிறகே பழக்க வேண்டும். இரண்டு பல் போட்ட, ஏறத்தாழ இரண்டரை வயதுக் கன்று இதற்கு ஏற்றது. அறுவடை முடிந்து வேலை குறைந்த தை, மாசி மாதங்களில் தொடங்கினால் ஆடிப் பட்டத்துக்குள் ஓரளவு பழகிவிடும்.

தொட்டுப் பழக்குதல்

முதல் இரண்டு வாரங்களுக்குக் கயிறு, நுகம் எதுவும் வேண்டாம். ஒரே ஆள் தினமும் ஒரே நேரத்தில் தீவனம் வைக்க வேண்டும். பின்புறமாகப் போகாமல், கன்றின் பார்வையில் படும்படி தோள்பட்டைப் பக்கமாகக் குரல் கொடுத்துக் கொண்டே நெருங்குங்கள். அது விலகினால் துரத்தாமல் அங்கேயே நில்லுங்கள். கையில் ஊறவைத்த பருத்திக்கொட்டையோ வெல்லம் கலந்த தவிடோ ஒரு பிடி இருக்கட்டும். கன்று தானாக வந்து தின்னத் தொடங்கியபின் கழுத்து, திமில், முதுகு, கால் என்று படிப்படியாகத் தடவிப் பழக்கவும். நுகம் அமரும் இடத்தைத் தினமும் தேய்த்துக் கொடுங்கள்.

மூக்கணாங்கயிறு

மூக்குக் குத்துவதை அனுபவம் உள்ளவரைக் கொண்டு, சுத்தமான கருவியால் செய்ய வேண்டும். புண் ஆறுவதற்குள் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதுவரை முகக் கயிற்றாலேயே நடத்திச் செல்லலாம். கன்று ஓடினால் விரல் முறிந்துவிடும். எனவே கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக் கொள்ளாதீர்கள்.

சத்தத்துக்குப் பழக்குதல்

மிரளும் கன்றைத் தனியாகப் பழக்குவதைவிட, நன்கு பழகிய முதிய மாட்டோடு சேர்த்து நடத்துவது எளிது. பக்கத்து மாடு அமைதியாக நிற்பதைக் கண்டால் கன்றும் தேறும். முதலில் தோட்டத்துக்குள்ளும், பிறகு வண்டிப் பாதையிலும் நடத்துங்கள். பேருந்து செல்லும் சாலைக்கு உடனே கொண்டு போகக் கூடாது. சாலையிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டித் தீவனம் போட்டு, நாளுக்கு நாள் நெருங்கி வரலாம். ‘நட’, ‘நில்’, ‘திரும்பு’ என்பதற்கு உங்கள் ஊர் வழக்கில் உள்ள சொற்களையே எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

நுகமும் இழுவையும்

நுகத்தடி வழவழப்பாகவும், கழுத்தில் படும் இடம் அகலமாகவும் இருக்கட்டும். உயரத்தில் ஏறக்குறைய ஒத்த மாட்டோடுதான் பூட்ட வேண்டும். நுகம் சாய்ந்தால் குட்டை மாட்டின் கழுத்தில் பாரம் இறங்கிப் புண் ஏற்படும். முதல் நாள் நுகத்தை மோந்து பார்க்கவிட்டு, கால் மணி நேரம் மட்டும் பூட்டி வெறுமனே நடத்துங்கள். வலப்புறம் பழக்கிய கன்றை இடப்புறம் மாற்றிப் பூட்ட வேண்டாம்.

கன்று பெரும்பாலும் மிரள்வது பின்னால் இழுபடும் பொருளின் ஓசைக்குத்தான். ஆகையால் 20 கிலோ அளவுள்ள ஒரு மரக்கட்டையை வேறொரு மாட்டைக் கொண்டு அதன் முன்னால் இழுத்துக் காட்டுங்கள். மறுநாள் அதன் பக்கவாட்டில் இழுங்கள். ஓசை பழகியபின் அதன் பின்னால் கட்டலாம். கட்டைக்கு அடுத்து உழுத மண்ணில் மேலாகக் கலப்பை, பின்னர் வெறும் வண்டி, கடைசியில் பாரம் என்ற வரிசையைத் தாண்டக் கூடாது.

மிரண்டு விட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கன்று மிரளத்தான் செய்யும். அப்போது கத்தவோ, வாலை முறுக்கவோ, சாட்டையை எடுக்கவோ வேண்டாம். நிறுத்தி, கட்டு எதிலாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பயந்த மாடு முழுவதும் அமைதியடைய 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். அதன்பின் முந்தைய நாள் ஒழுங்காகச் செய்த எளிய வேலை ஒன்றைச் செய்ய வைத்து, ஒரு பிடி தீவனம் கொடுத்து அவிழ்த்து விடுங்கள். மிரண்ட நிலையிலேயே அவிழ்த்து விட்டால், மிரண்டால் விடுதலை என்று கன்று கற்றுக் கொள்ளும். அடித்து வேலை வாங்கினால் நுகத்தையே வெறுக்கும். இரண்டுமே தவறு.

வேலை அளவு

தொடக்கத்தில் காலையில் அரை மணி நேரம் போதும். சில வாரங்களில் படிப்படியாக இரண்டு மணி நேரத்துக்கு உயர்த்தலாம். வளர்ந்த மாடே தன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடுதான் தொடர்ந்து இழுக்கும். 350 கிலோ மாட்டுக்கு இது சுமார் 35 கிலோ. இளங்கன்றிடம் இதிலும் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். தினமும் அவிழ்த்தபின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் ஆறும்வரை நுகம் கூடாது.

இழுவை, சுமை விலங்குகளுக்கான மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த தார்க்கோலைத் தடை செய்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கவும் கூடாது.

ஒரு கன்று ஒரு மாதத்தில் பழகும். மிரளும் கன்றுக்கு மூன்று, நான்கு மாதங்கள்கூட ஆகலாம். நன்றாகப் பழகிய மாடு அதன்பின் பல ஆண்டுகள் உங்கள் ஏரை இழுக்கும். அந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இந்தச் சில மாதப் பொறுமை நஷ்டமாகாது.