உன்னிச்சையில் இருந்தபடி பொறியியல் படிக்கலாமா?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, இசட் புள்ளி சற்றுக் குறைந்ததால் பொறியியல் பீடம் கைநழுவிப்போன பிள்ளைகள் உன்னிச்சை போன்ற மட்டக்களப்புப் படுவான்கரை ஊர்களிலும் இருக்கிறார்கள். டிப்ளோமா முடித்து வேலைக்குப் போய்விட்டு, பட்டமும் எடுத்தால் நல்லது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் விசாரிக்கத் தொடங்கியதும் இரண்டு வழிகள் காதில் விழும்: ஒன்று தொலைக்கல்வி, மற்றது ஹைபிரிட் என்கிற கலப்புமுறை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு, இரண்டும் எப்படி நடக்கின்றன என்று ஆறுதலாகப் பார்ப்போம்.

தொலைக்கல்வி என்றால் முழுவதும் போன் திரையில் நடப்பது, ஹைபிரிட் என்றால் பாதி திரையிலும் பாதி வகுப்பிலும் நடப்பது என்பதுதான் அநேகமாக எல்லோருடைய எண்ணமும். இந்த எண்ணம் 2020இல் ஊன்றியது. அந்த மார்ச் மாதம் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. லேர்ன் என்ற பல்கலைக்கழக இணைய வலையமைப்பு விரிவுரையாளர்களுக்கு ஸூம் வசதி செய்து கொடுத்தது. மாணவர்கள் டேட்டாச் செலவில்லாமல் சேரவும் ஏற்பாடு நடந்தது. அந்த அவசரத்தில் அது பெரிய உதவி. ஆனால் காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் நடந்த விரிவுரைதான் அதே எட்டு மணிக்குத் திரைக்கு வந்தது. சிக்னல் விட்டுப்போனால் பாடமும் விட்டுப்போனது. இதைப் பார்த்துத்தான் தொலைக்கல்வி நமக்குச் சரிவராது என்று பல வீடுகளில் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு தொலைக்கல்விக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் கண்டது இடம்பெயர்ந்து வந்த வகுப்பறையை.

தொலைக்கல்விக்குத் திரையே தேவையில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியபோது இங்கே இணையம் ஏது? பாடங்களை அச்சடித்த நூல்களாகக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் ஒருவர் தனியே இருந்து வாசிப்பார் என்று எண்ணி எழுதப்பட்ட பாடங்கள் அவை. நடுநடுவே கேள்வி வரும், விடையைத் தானே சரிபார்த்துக்கொண்டு மேலே போகலாம். ஒப்படைகளை எழுதி அனுப்ப வேண்டும். இடையிடையே டே ஸ்கூல் என்று மாணவர்கள் சொல்லும் நேரடி வகுப்பு நடக்கும். இதற்கு முன்னோடியான பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, தொலைக்காட்சியில் பாடம் நடத்தியதோடு பரிசோதனைக் கருவிகளைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே அனுப்பியது.

அப்படியானால் இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சிறுபோகத்தில் வாய்க்காலில் நம் முறை வரும்போது வயலில் ஆள் நிற்க வேண்டும். தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானை சொன்ன நேரம் தப்பினால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான். கலப்புமுறை அப்படிப்பட்டது: நாளும் நேரமும் பல்கலைக்கழகத்தின் கையில். தொலைக்கல்வி வளவுக்குள் இருக்கும் கிணறு. எந்நேரமும் இறைக்கலாம், ஆனால் இறைக்கிறவர் நாமே. ஒருவரும் வந்து ஞாபகப்படுத்த மாட்டார்கள். ஆக, நேரத்தை யார் வைத்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். திரை இரண்டிலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இனிப் பொறியியலுக்கு வருவோம். கணிதத்தையும் பொறிமுறையையும் மின்சுற்றுக் கணக்குகளையும் நல்ல பாடநூல் இருந்தால் இரவு பத்து மணிக்கும் படிக்கலாம். கையால் பழக வேண்டியவை வேறு. கொங்கிறீற்றுக் கலவைக்குச் செய்யும் சிலம்ப் சோதனையை எடுத்துக்கொள்வோம். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இரும்புக் கம்பியால் 25 தரம் குத்தி, கூம்பை மெல்ல மேலே தூக்கிக் கலவை எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். கணினியில் செய்தால் அழகான ஓர் எண் வரும். கையால் செய்தால், மணலில் ஈரம் கூடியிருந்ததால் கலவை ஒரு பக்கமாகச் சரிந்து விழும். ஏன் சரிந்தது என்று யோசிக்கும் அந்த நேரத்தில்தான் ஒரு பிள்ளை பொறியியலாளராகத் தொடங்குகிறது. கணினியில் போலச் செய்து பார்க்கும் ஆய்வுகூடம் முன்கூட்டிப் பழக நல்லது. அதற்கு மேல் அதை நான் நம்பவில்லை.

இந்தச் சிக்கல் இந்தியாவில் நீதிமன்றம்வரை போனது. உரிய அனுமதியில்லாமல் தொலைக்கல்வியில் பொறியியல் பட்டம் கொடுத்த சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எதிராக 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படித்து வேலைக்குப் போயிருந்தவர்களின் பட்டங்களும் கேள்விக்குள்ளாகின. அதே நாட்டில் சென்னை ஐஐடி 2023இல் மின்னணு அமைப்புகளுக்கான ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கியது. பாடங்கள் இணையத்தில், ஆய்வுகூடத்துக்கு மட்டும் மாணவர் வளாகத்துக்கு வந்தாக வேண்டும். நமது திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பு நகரில் நிலையம் உண்டு என்றாலும், பொறியியல் செய்முறைகளுக்குப் பெரும்பாலும் கொழும்புப் பக்கம் நாவல வளாகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அதனால் உன்னிச்சைப் பிள்ளை எண்ண வேண்டியது, வளாகத்துக்குப் போகும் நாட்கள் எத்தனை என்பதைவிட அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையே. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்தால் போதும் என்று ஒரு கலப்புமுறைப் படிப்பு சொல்லலாம். கொழும்பிலோ கண்டியிலோ வீடு உள்ளவருக்கு அது சலுகை. வவுணதீவு வழியாக வாவியைக் கடந்து நகருக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியவருக்கு, வாரம் இரண்டு நாளும் ஐந்து நாளும் ஒன்றே. அங்கே அறை எடுத்துத் தங்க வேண்டும், வாடகை கட்ட வேண்டும், இங்கே வேலையை விட வேண்டும். செய்முறைகளை இரண்டு கிழமைக்குச் சேர்த்து வைக்கும் தொலைக்கல்வி என்றால், லீவு போட்டு, இரவு ரயிலில் போய், முடித்துவிட்டு வரலாம்.

தொலைக்கல்வியின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. கணக்கு ஒன்று பிடிபடாத இரவில் கேட்க ஆள் இல்லை. பொறியியல் கூடிச் செய்யும் வேலை. ஒரு பாலத்தைத் தனியொருவர் வரைந்து கட்டுவதில்லை. அந்தப் பழக்கம் நண்பர்களோடு ஆய்வுகூடத்தில் மல்லுக்கட்டித்தான் வரும். உயர்தரம் முடித்த கையோடு வருகிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, விடுதியும் செலவுக்கு வழியும் இருந்தால், கலப்புமுறையையே சொல்வேன். வேலையில் இருக்கிற, குடும்பம் பார்க்கிற, தானே நேரம் வகுத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவருக்குத் தொலைக்கல்விதான் பொருத்தம்.

இரண்டில் எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, செய்முறை நாட்களின் கால அட்டவணையும் அவை நடக்கும் இடமும். இரண்டாவது, அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா என்பது. அந்த நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பாகச் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் கீழ் அது அங்கீகரிக்கும் பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் மதிக்கும். இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் தராத இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.