கண்ட்ரோல்-சி என்னும் வாக்குறுதி

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பினாங்கின் ஜார்ஜ் டவுன் அச்சகங்களில் கணினிக்கு ஓய்வே கிடையாது. தண்ணீர்ப் பந்தல் பதாகை ஒன்றுக்கே தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழி வாசகம் வேண்டும். வாட்சாப்பில் வந்ததை நகலெடுத்து வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தியதுமே அந்த வரி கிளிப்போர்டு என்ற ஓரிடத்தில் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம்.

லினக்ஸ் கணினியில் நடப்பது வேறு. அந்த நொடியில் எதுவுமே நகலாவதில்லை!

1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ அமைப்பின் ஏற்பாடு இது. நகலெடு என்றதும், எழுத்து இருக்கும் செயலி திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரிடம், “கிளிப்போர்டுக்கு இனி நான்தான் சொந்தக்காரன்” என்று பதிவு செய்கிறது, அவ்வளவுதான். இன்னொரு செயலியில் ஒட்டு என்று நீங்கள் சொல்லும்போதுதான் பேச்சே தொடங்குகிறது. “உன்னிடம் எந்தெந்த வடிவில் இருக்கிறது?” என்று வாங்குபவர் கேட்கிறார். வெறும் எழுத்து, எச்.டி.எம்.எல்., படம் என்று சொந்தக்காரர் பட்டியல் தருகிறார். தனக்குப் பிடித்த ஒன்றை வாங்குபவர் கேட்க, அப்போதுதான் சரக்கு கைமாறுகிறது. பெரிய சரக்கென்றால் துண்டு துண்டாக வரும்.

ஏன் இந்தத் தாமதம்? 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் உள்ள புகைப்படத்தைப் புள்ளிக்கு 4 பைட் வீதம் விரித்தால் 4 கோடியே 80 லட்சம் பைட். அதையே ஐந்து வடிவங்களில் ஆக்கி வைத்து, யாருமே ஒட்டவில்லை என்றால் அத்தனையும் வீண். நினைவகம் பொன்னாக இருந்த காலத்தில் இது மிக நல்ல யோசனை. விண்டோஸிலும் செயலிகள் விரும்பினால் இப்படிக் கடன் சொல்லலாம்.

ஆனால் கடன் சொன்னவர் போய்விட்டால்? எக்ஸில் நகலெடுத்த செயலியை மூடிய கணமே வாசகமும் போய்விடும். ஒட்டப்போனால் ஒன்றும் வராது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னணிச் சேவை ஒன்று தேவைப்படுகிறது. கே.டி.இ. மேசைத்தளத்தில் இருக்கும் கிளிப்பர் அப்படிப்பட்டது. திரையில் ஓரமாக ஒரு சின்னம், மற்றபடி கண்ணில் படாது. கிளிப்போர்டு கைமாறியது என்று தெரிந்ததும் ஓடிப்போய் அதை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பழைய சொந்தக்காரர் மறைந்தால் தானே சொந்தக்காரராகிவிடும். எழுத்தை மட்டும் வாங்கிவைக்கும் சேவையாக இருந்தால் படம் தொலைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழனுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ‘பினாங்கு’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடு: ப, இகரக் குறி, ன, கால், ங, புள்ளி, க, உகரக் குறி. வாங்கும் செயலி பழையதாக இருந்து, யூனிகோடை விட்டுவிட்டுப் பழைய ஒற்றை பைட் எழுத்து வடிவைக் கேட்டால் விண்டோஸ் என்ன தரும் தெரியுமா? வரிசையாக எட்டுக் கேள்விக்குறிகள். யூனிகோடு பரவுவதற்கு முன் இன்னொரு தொல்லை. எழுத்துருவின் ஆங்கில இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள். வெறும் எழுத்தாக ஒட்டினால் எழுத்துருவின் பெயர் கூட வராது, ஆங்கிலக் குப்பைதான் வரும். தமிழ் கெட்டுவிட்டது என்று எத்தனையோ பேர் நொந்துபோனார்கள். தமிழ் கெடவில்லை, தவறான வடிவத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்பதே உண்மை.

வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற முறையை 1970-களின் நடுவில் உருவாக்கியவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்காக எழுதிய ஜிப்ஸி என்ற மென்பொருளில் அது வந்தது. ஜார்ஜ் டவுன் அச்சகக்காரருக்கும் அதே வேலைதான் என்பது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது. டெஸ்லர் 2020-இல் மறைந்தார்.

சேமித்து வைக்கும் சேவைக்கு ஓர் ஆபத்தும் உண்டு: எதை நகலெடுத்தாலும் அது பார்க்கும், கடவுச்சொல் உட்பட. அதனால்தான் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட், கவனத்தில் இருக்கும் சாளரத்துக்கு மட்டுமே கிளிப்போர்டைக் காட்டுகிறது. பின்னணிச் சேவைகளுக்குத் தனி அனுமதி நெறிமுறை வேண்டியிருக்கிறது. கொஞ்சம் தொல்லைதான், ஆனாலும் சரியான முடிவு. கடவுச்சொல் மேலாளர் செயலிகள் சிலவும் “இது ரகசியம், சேமிக்காதே” என்ற குறிப்பைச் சேர்த்தே தருகின்றன. கிளிப்பர் அதை மதிக்கிறது.

விண்டோஸில் 2018 முதல் கிளிப்போர்டு வரலாறு உண்டு. அதை இயக்கியிருந்தால், விண்டோஸ் விசையுடன் வி அழுத்தினால் கடைசி 25 நகல்கள் வரை வரிசையாக நிற்கும். பலர் பயன்படுத்தும் கடைக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லை ஒட்டியிருந்தால், நாற்காலியை விட்டு எழுமுன் அந்தப் பட்டியலைத் திறந்து துடைத்துவிடுங்கள்.