தமிழர் மனம் கவர்ந்த மராத்தி 'யயாதி'

கல்யாண் ஸ்டேஷனில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்க ஏறத்தாழ 54 கிலோ மீட்டர். பாஸ்ட் வண்டி என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்த புண்ணியவானுக்கு அது படிக்கும் நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மராத்தியரும் நம்மவரும் ஆளுக்கொரு மொழியில் ஒரே கதையைப் படிக்க முடியும் என்றால், அந்தக் கதைகளில் முதலில் சொல்ல வேண்டியது வி.ச.காண்டேகரின் 'யயாதி'.

1898-ல் சாங்லியில் பிறந்தவர் காண்டேகர். கொங்கணத்து ஷிரோடா கிராமத்தில் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'யயாதி' 1959-ல் வெளிவந்தது. மறு ஆண்டே சாகித்ய அகாடமி பரிசு. 1974-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசும் இவருக்கே. அதைப் பெற்ற முதல் மராத்தி எழுத்தாளர் இவர்தான். 1976-ல் காலமானார்.

தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. காண்டேகர் நாவல்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினார். 'கருகிய மொட்டு', 'கிரௌஞ்ச வதம்', 'இரு துருவங்கள்' என்ற பெயர்களைக் கேட்டாலே பழைய வாசகர்களின் முகம் மலரும். காண்டேகர் தமிழர்தான் என்று நினைத்துக் கொண்டே படித்தவர்களும் உண்டு. 1966-க்குப் பிறகு பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்து, நம்மவர்கள் பயந்து பயந்து தெருவில் நடந்த காலம் ஒன்று இருந்தது. அப்போதும் தமிழ் வீடுகளில் காண்டேகர் புத்தகம் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

மூன்று பேர் சொல்லும் கதை

கதை மகாபாரதத்தில் உள்ளதுதான். அசுர குரு சுக்கிராச்சாரியாரின் மகள் தேவயானி. அசுர அரசன் விருஷபர்வாவின் மகள் சர்மிஷ்டை. தோழிகளுக்குள் சண்டை வந்து, தேவயானி கிணற்றில் தள்ளப்படுகிறாள். கை கொடுத்துத் தூக்கிய யயாதி மன்னனே கணவனாகிறான். இளவரசி சர்மிஷ்டை அவளுக்குத் தாதியாகப் போகிறாள். அரசன் மனம் தாதியிடம் போகிறது. சுக்கிரரின் சாபத்தால் யயாதிக்குத் திடீர் முதுமை வருகிறது.

காண்டேகர் இதை யயாதி, தேவயானி, சர்மிஷ்டை மூவரும் மாறி மாறித் தங்கள் வாயாலேயே சொல்லும்படி அமைத்தார். சுவையே அங்குதான். சர்மிஷ்டை பேசும்போது வாசகர் அவள் பக்கம் சாய்கிறார். தேவயானி வாய் திறந்ததும், இவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. அவளை வெறும் அடங்காப்பிடாரி என்று ஒதுக்குவது சரியல்ல. கசன் மீது வைத்த காதல் கைகூடாமல், அந்தக் காயத்தோடு அரண்மனைக்கு வந்தவள் அவள். மூலக் கதையில் சஞ்சீவினி மந்திரம் கற்றுக் கொண்டு தேவலோகம் போனதோடு மறையும் கசன், நாவலில் கடைசி வரை வருகிறான். ஆசையை அடக்கியவன், ஆசையிலேயே மூழ்கியவன் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார் ஆசிரியர். கசனின் உபதேசம் சில இடங்களில் கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக் கொள்ளலாம்.

இன்றைய சராசரி மனிதனின் தீராத வேட்கையைத்தான் யயாதி மூலம் சொல்ல வந்ததாக காண்டேகரே விளக்கி இருக்கிறார்.

இளமையைக் கொடுத்த மகன்

நம்மவர்கள் நெஞ்சைத் தொடும் இடம் வேறு. தந்தை இளமையைக் கேட்கிறான், மகன் பூரு கொடுக்கிறான். பாரதத்தில் ஐந்து புதல்வர்களில் நால்வர் மறுத்துவிட, கடைசி மகனான பூரு மட்டும் சம்மதிக்கிறான். யயாதி ஆயிரம் ஆண்டுகள் அந்த இளமையை அனுபவிக்கிறான். காண்டேகர் ஆயிரம் ஆண்டை எடுத்துவிட்டார். வாங்கிய இளமை யயாதியைச் சுடுகிறது. மகனின் நரைத்த தலையைப் பார்க்க அவனால் முடியவில்லை.

திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மீசை அரும்பும் வயதில் ரயிலேறி, தாராவி தோல் கிடங்கிலும் கல்யாண், உல்லாஸ்நகர் பட்டறைகளிலும் வேலைக்கு நின்ற பையன்கள் எத்தனை பேர்! தங்கைக்குக் கல்யாணம், அப்பாவின் கடன், அடகுபோன நிலம் என்று மணியார்டர் அனுப்பியே தலை நரைத்தவர்கள் அவர்கள். எந்த முனிவரும் சபிக்கவில்லை. பல தகப்பன்மார் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. பூருவின் பக்கத்தைப் புரட்டும்போது அவர்கள் சற்று நிறுத்திப் படிப்பதில் வியப்பில்லை. நாவலில் தகப்பன் திருப்பிக் கொடுத்து விடுகிறான். வாழ்க்கையில் அதற்கு வழி ஏது?

இதே யயாதியை வைத்து கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1961-ல் நாடகம் வெளியிட்டார். அவர் பிறந்தது கல்யாணுக்கு அருகிலுள்ள மாதேரான். மராத்தியில் கவிஞர் சிர்வாட்கரும் யயாதி-தேவயானி கதையை நாடகமாக்கி இருக்கிறார்.

மராத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள், முக்கியமாக இங்கேயே பள்ளி சென்ற பிள்ளைகள், மூல நூலையே முயன்று பார்க்கலாம். கல்யாண் சார்வஜனிக் வாசனாலயம் 1864-ல் தொடங்கிய பழைய நூலகம். அங்கே கேட்டுப் பார்க்கலாம். அப்பா தமிழிலும் மகள் மராத்தியிலும் படித்துவிட்டு, தேவயானி செய்தது சரியா தப்பா என்று வீட்டில் சண்டை போட்டுக் கொள்ளலாம்.