ஈறில் முளைக்கும் சதை: அன்றும் இன்றும்

1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவைவிட்டு வெளியேற ரயில், இல்லையென்றால் படகு. ஈறில் பட்டாணி அளவு சதை முளைத்ததற்காக மதுரைக்கு யார் ரயிலேறுவார்கள்? உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, கிராம்புத் தைலம் தடவிச் சமாளித்தார்கள். இந்தச் சதை பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது ரத்தம் கசியும், அவ்வளவுதான். மாசமாக இருக்கும் பெண்களுக்கு வந்தால் பிரசவத்துக்குப் பின் தானாகச் சுருங்குவதும் உண்டு. அதனால் பொறுத்துப் பார்ப்பதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

வெட்டும் முறை அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மரத்துப்போக ஊசி, சதையை மேலோடு நறுக்காமல் எலும்புச் சவ்வுவரை அடியோடு எடுப்பது, பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது. இப்போது லேசரும் உண்டு, ரத்தம் குறையும். ஆனால் வேரோரம் காரையை விட்டுவைத்தால் லேசரில் எடுத்த சதையும் திரும்ப முளைக்கும்.

உண்மையில் மாறியது ஒரு சின்ன பாட்டில். முன்பு வெட்டிய சதை பல நேரம் குப்பைக்குப் போனது. இன்று அது ஃபார்மலினில் மூழ்கி ஆய்வகம் போகிறது. அங்கே மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள்: ரத்தக்குழாய் மொய்த்த சதையா, வெறும் நார்க்கட்டியா, உள்ளே எலும்புத் துகள் விளைந்ததா? கடைசி வகை மறுபடி வரக்கூடியது என்பதால் அது வந்தவருக்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் வாய் என்றால் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. புற்றும் தொடக்கத்தில் சாதுவான சதைபோலவே தெரியும்.

தூரமும் குறைந்திருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும், பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன.

'கிளீன் பண்ணினா பல் ஆடிப்போகும்' என்ற பயம்தான் அன்றுபோலவே இருக்கிறது. காரை போனதும் ஏற்கெனவே ஆடிய பல்லின் ஆட்டம் தெரியவரும், பழியெல்லாம் டாக்டர்மேல்.

வலிப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் ஈறு தடிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். சதையை எடுத்தால், பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.