பாலம் இல்லாத பாலவாசல்: ஜெர்மானிக்கஸ் வளைவு, சாந்த்

போரில் வென்றதைக் கொண்டாட எழுந்த வளைவு அல்ல இது. கி.பி. 18-19இல், பிரான்ஸின் சாந்த் நகரில், சரந்த் ஆற்றுப் பாலத்துக்கு வாசலாகக் கட்டியது. வண்டிகள் நுழைந்து போக இரண்டு வழிகள்.

அண்ணாந்து பாருங்கள். பேரரசர் திபேரியஸ், அவர் மகன் ட்ரூசுஸ், தத்துமகன் ஜெர்மானிக்கஸ் பெயர்களோடு, செலவை ஏற்ற உள்ளூர்ப் பிரமுகர் காயுஸ் யூலியுஸ் ரூஃபுஸின் பெயரும் இருக்கிறது. தன் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களையும் விடாமல் பொறித்திருக்கிறார். பூட்டன் எபொட்சொரொவிதுஸ்: ரோமானியருக்கு முன்பே அங்கு வாழ்ந்த காலியரின் அசல் பெயர். ரோமானியக் குடும்பப் பெயரான யூலியுஸ் பாட்டன் காலத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது.

பழைய பாலத்தை 1843இல் இடித்தார்கள். வளைவும் போயிருக்கும்; ஆனால் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக இருந்த எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே விடவில்லை. கற்களைப் பிரித்தெடுத்துக் கரையில் மீண்டும் அடுக்கினார்கள்.