பட்டம் உண்டு, பத்திரம் இல்லை!

சின்ன வெங்காயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வரும்படி ஆசிரியர் என்னைப் பெரம்பலூருக்கு அனுப்பினார். வெங்காயம் உரிக்காமலே கண்ணைக் கரிக்க வைக்கும் வேறொரு விஷயத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. நேயர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் கைப்பையின் வார் அறுந்துபோயிற்று. துறைமங்கலம் போகும் சாலையில் ஒரு சிறு தையல் கடை கண்ணில் பட்டது. உள்ளே மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. பாட்டி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். அம்மா மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பெண் ஒரு மூலையில் மடிக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யாருடைய லாரி வாடகைக் கணக்கையோ பதிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா படித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பி.காம். அக்கா. அரியலூரில் படித்தேன். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்."

"அப்படியானால் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதக் கூடாதோ?"

கேட்டிருக்க வேண்டாம். அவள் சிரித்தாள். பதில் பாட்டியிடமிருந்து வந்தது: "எழுத விடமாட்டினம் பிள்ளை. நாங்கள் முகாம் ஆக்கள்."

துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இத்தனை காகிதம் இருந்தும்...

'காகிதம் இல்லாதவர்கள்' என்று இவர்களைச் சொல்வது சரியல்ல. அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டினாள். ஆதார் அட்டை இருந்தது. முகாமின் அடையாள அட்டை இருந்தது. பாங்கிப் பாஸ் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், காலேஜ் பட்டம் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று: 'இவள் இந்தியப் பிரஜை' என்று சொல்லும் காகிதம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அலை அலையாக வந்தவர்கள் இவர்கள். 2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டு முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு ஏறக்குறைய 34,000 பேரும் இருந்தார்கள். இவர்களில் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம் படித்து, தமிழ்நாட்டு மதிப்பெண் பட்டியல் வாங்கியவர்கள்.

இந்த மண்ணில் பிறந்தால் போதாதா என்று நாம் கேட்போம். சட்டம் தேதியைக் கேட்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராயிருந்தாலும், அந்தக் குழந்தை பொதுவாக இந்தியப் பிரஜைதான். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்திருந்தால், தாய் தந்தையரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை: ஒருவர் பிரஜையாக இருப்பதோடு, மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது.

இந்தக் கணக்கை அந்தத் தையல் கடையில் போட்டுப் பார்த்தேன். அம்மா 1984-ல் மன்னாரில் பிறந்தவர். 1985-ல் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்து படகில் மண்டபத்துக்கு வந்தவர். அப்பாவும் அக்கரையில் பிறந்தவரே. பெண் பிறந்தது 2004 ஆகஸ்டில். பாட்டி ஓராண்டு முன்னதாகப் படகு ஏறி, அம்மா மண்டபத்தில் பிறந்திருந்தால், அம்மாவும் பிரஜை, மகளும் பிரஜை!

"ஓம் பிள்ளை, அதை நினைச்சால் எனக்கு இரவில் நித்திரை வராது" என்றார் பாட்டி. "ஆனால் அப்ப வீட்டை விட்டு வர மனம் வரேல்லையே."

ஆகையால் முகாம்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் யோசனை இது: உங்களுடைய பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள், பெற்றோருடையதையும் தேடி எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண், 2022-ல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குச் சென்று பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். பிறந்த தேதியும் பிறந்த இடமும்தான் அவருக்குக் கை கொடுத்தன.

முகாம்களில் உள்ள மலையகத் தமிழர்களின் விஷயம் வேறு. அவர்களுடைய பாட்டனும் முப்பாட்டனும் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி ஜில்லாதானே! 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. இவ்விதம் இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடர்ந்த வழக்கில், அவர்கள் பிரஜா உரிமைக்கு மனுச் செய்யலாம் என்றும், சர்க்கார் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் 2019-ல் மதுரைக் கிளை கூறியது. பழைய தோட்டத்துப் பதிவுச் சீட்டு எதுவும் பெட்டியில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள்.

எது முடியாது?

முகாம் மாணவர்களுக்குப் படிப்பே ஒரு காலத்தில் மறுக்கப்பட்டது. 1991-க்குப் பிறகு காலேஜ் அவர்களுக்கு எட்டாக் கனியாயிற்று. 1996-ல்தான் நிலைமை மாறியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சர்க்கார் கலை, அறிவியல் மாணவர்களின் வருஷ உதவித் தொகையை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆகவும், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு 2,500-லிருந்து 10,000 ஆகவும் உயர்த்துவதாக அறிவித்தது. படிக்க வழி உண்டு. படித்த பிறகுதான் சங்கடம்.

சர்க்கார் வேலைக்கான மனுவின் ஆரம்பத்திலேயே பிரஜா உரிமை கேட்கிறார்கள். சட்டம் படித்தவர் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடிவதில்லை. 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் பிரஜையாக இருக்க வேண்டும் என்கிறது. பி.காம். படித்தவர் ஜி.எஸ்.டி. ஆலோசகராகப் பதிவு பெறுவதற்கும் அதே நிபந்தனை.

தனியார் கம்பெனி? நம் பெண் ஒரு கம்பெனியின் இண்டர்வியூவில் தேறி, கடைசி நாளில் 'பாஸ்போர்ட் இருக்கிறதா?' என்ற கேள்வியோடு வீடு திரும்பியவள். மாதந்தோறும் முகாமில் ஆள் கணக்கெடுப்பு வேறு நடக்கிறது. அப்போது ஊரில் இல்லாவிட்டால் உதவித் தொகைக்குச் சிக்கல். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வேலை பார்ப்பது எளிதல்ல. எஞ்சினீயரிங் படித்த பையன் வர்ணம் அடிக்கப் போவது இப்படித்தான்.

இந்தச் சங்கடம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில், பத்திரம் இல்லாத குழந்தைக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. படித்து வளர்ந்தவர்களுக்கு வேலை? 2012-ல் ஜனாதிபதி ஒபாமா ஒரு பகுதியினருக்கு மட்டும், இரண்டு வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்கும் அனுமதி கொடுத்தார். மற்றவர்களில் பலர் தச்சு வேலை, சமையல், கணக்கு என்று சொந்தத் தொழிலில் இறங்கி, வரி இலாகா கொடுக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வரியும் கட்டுகிறார்கள்.

எது முடியும்?

உத்தியோகம் கொடுப்பவர் பத்திரம் கேட்பார். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் அளவு சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்பார். சொந்தத் தொழிலின் பலம் அதுதான்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அதற்கு வழி உண்டு. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள். லாரிச் சொந்தக்காரர்களுக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். ஆலோசகராகப் பதிவு பெற முடியாவிட்டால் என்ன? தினக் கணக்கைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தால், பதிவு பெற்ற ஆலோசகர் மேற்கொண்டு பார்த்துக்கொள்வார். நம் பெண் மூன்று லாரிக்காரர்களுக்கும் ஒரு வெங்காய மண்டிக்கும் கணக்கு எழுதுகிறாள். மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன்.

ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி, பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம் இவற்றை வைத்து வடகம், பொடி, பலகாரம் செய்யலாம். சாப்பாட்டுப் பண்டம் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். அதை மறக்கக் கூடாது. வருமான வரிக்கான பான் அட்டையைப் பிரஜை அல்லாதவரும் சட்டப்படி பெறலாம். முதலுக்கு மகளிர் சுய உதவிக் குழுதான் நல்ல வழி. தனி ஆளுக்கு ஜாமீன் கேட்கும் பாங்கி, குழுவிடம் அவ்வளவு கெடுபிடி செய்வதில்லை. 2021 அறிவிப்பில் முகாம்களின் குழுக்களுக்கு நிதியும், 5,000 பேருக்குத் தொழிற்பயிற்சியும் சேர்ந்தே இருந்தன. 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்ப் பெண்களுக்கு ஸ்பைருலினா என்னும் சத்துப் பாசியை வளர்க்கவே கற்றுக் கொடுத்தது.

ஆனால் ஒன்று. கைத்தொழில் பிரஜா உரிமைக்கு ஈடாகாது. 2019-ல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஒரு சலுகை தந்தது: 2015 ஜனவரி 9-க்குள் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. பயம் தணிந்தது, உரிமை வரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சட்டத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. ஆனால் சகோதரிகளே, கூலியைச் சரியாகக் கொடுப்பது நம் கையில்தானே இருக்கிறது? 'முகாம்க்காரிதானே, கொடுத்ததை வாங்கிக்கொள்வாள்' என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. பத்திரம் இல்லாதவள் போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் போகத் தயங்குவாள் என்ற தைரியம்தான் அது. அவள் கையிலிருந்து ஒரு ரவிக்கையோ, ஒரு வடகப் பொட்டலமோ வாங்கும்போது கடைத்தெருவில் கொடுக்கும் விலையைக் கொடுத்தால் போதும், தர்மம் வேண்டாம்.

கைப்பை வார் தைத்து முடிந்தது. அம்மா காசு வேண்டாம் என்றார். நான் விடவில்லை, ஆபீஸ் கணக்குக்கு ரசீது வேண்டும் என்றேன். பெண் உற்சாகமாக ஒரு காகிதத்தைக் கிழித்து, தேதி போட்டு, வேலையையும் தொகையையும் எழுதி, கீழே கையெழுத்திட்டாள். கொடுக்கப் போனவள் திரும்ப வாங்கி, பெயருக்குப் பின்னால் 'பி.காம்.' என்று சேர்த்து எழுதினாள்.

ரசீதை ஆபீஸில் கொடுக்கவில்லை. என்னிடமே வைத்திருக்கிறேன்.