குடும்பக் கட்டுப்பாடும் கோடீஸ்வரர்களின் அறக்கட்டளைகளும்: நாம் கேட்க வேண்டிய கேள்வி எது?

'நம் மக்கள்தொகையைக் குறைக்க வெளிநாட்டுக் கோடீஸ்வரர்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வருகிறது. சிலர் அதை அப்படியே நம்புகிறார்கள். சிலர் வெறும் வதந்தி என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே சரியல்ல. பணம் வந்தது உண்மை. ஆனால் அது மறைவாக வரவில்லை. அரசின் ஒப்புதலோடு வெளிப்படையாகவே வந்தது. இதைத் தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டாம். மதுரையில் இருந்து திண்டுக்கல் சாலையில் சின்னாளபட்டி வரை போனால் போதும்.

காந்திகிராமத்தில் என்ன நடந்தது?

டி.வி.எஸ். நிறுவனரின் மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மையார், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அப்போது அப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1959-ல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடி சுகாதாரத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1964-ல் ஊரக சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனம் உருவானது. மத்திய, மாநில அரசுகளோடு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் அதற்கு உதவியது.

இங்கே குடும்பக் கட்டுப்பாடு தனியாக வரவில்லை. தாய்-சேய் நலத்தோடு சேர்ந்தே வந்தது. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பிரசவ காலக் கவனிப்பு கிராமங்களை எட்டியது. இந்த நன்மையை மறுப்பது நியாயமாகாது.

பணம் கொடுத்தவர்களின் நோக்கம்

1952-ல் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் நியூயார்க்கில் மக்கள்தொகைக் கவுன்சிலைத் தொடங்கினார். அதே ஆண்டு ஃபோர்டு அறக்கட்டளை டெல்லியில் அலுவலகம் திறந்தது. இந்திய அரசும் அதே ஆண்டுதான் தேசிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. உள்நாட்டுப் பணமும் வந்தது. 1956-ல் மும்பையில் அமைந்த மக்கள்தொகை ஆய்வு மையத்துக்கு டாட்டா அறக்கட்டளை உதவியது. 1970-ல் ஜே.ஆர்.டி. டாட்டா இதற்கென்றே தனி அமைப்பைத் தொடங்கினார்.

சுற்றுச்சூழல் இயக்கங்களும் இதில் சேர்ந்துகொண்டன. மக்கள் பெருக்கத்தை வெடிகுண்டாகச் சித்தரித்த பால் எர்லிக்கின் நூலை 1968-ல் கொண்டுவந்ததில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கும் பங்கு உண்டு. ஏழைகள் அதிகம் பெறுவதுதான் பிரச்சனை என்ற பார்வை இப்படி வலுப்பெற்றது. நிலமும் கல்வியும் வேலையும் யாரிடம் குவிந்திருக்கின்றன என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

எண்ணிக்கை இலக்கானபோது

இத்தனை பேருக்குச் செய்தாக வேண்டும் என்று அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டியது. 1976-77 ஆகிய ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஏப்ரல் 1976-ல் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடிப்பதை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நவம்பரில் ஹரியானாவின் முஸ்லிம் கிராமமான உத்தாவரைப் போலீசார் சுற்றி வளைத்து, ஆண்களைக் கருத்தடைக்கு இழுத்துச் சென்றனர். இதைச் செய்தது அரசுதான், அறக்கட்டளைகள் அல்ல. ஆனால் மனிதர்களை எண்ணிக்கையாகப் பார்க்கும் சிந்தனையை வளர்த்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

1994 கெய்ரோ மாநாடு இலக்கை விட்டுப் பெண்களின் உரிமையை முன்வைத்தது. 1996-ல் இந்தியாவும் இலக்கு முறையைக் கைவிட்டது. இருந்தும் 2014-ல் பிலாஸ்பூர் முகாம்களில் கருத்தடை செய்துகொண்ட 13 பெண்கள் இறந்தனர். முகாம் முறையை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கட்டாயம் தேவையே இல்லை

தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93-ல் 4.4. 2019-21-ல் அது 2.4 ஆகிவிட்டது. பெண்கள் படித்ததும், பிறந்த குழந்தைகள் பிழைத்து வளர்ந்ததுமே இதற்கு முக்கியக் காரணங்கள். 'முஸ்லிம்கள் பெருகி நாட்டைப் பிடிப்பார்கள்' என்போருக்கும், 'நம்மை அழிக்கச் சதி' என்போருக்கும் இந்த எண்களே பதில்.

கையெழுத்துக்கு முன்

அப்படியானால் கவனமே வேண்டாமா? வேண்டும். 2009-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஆந்திராவில் பல மாணவிகளுக்காக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டதை நாடாளுமன்றக் குழு 2013-ல் கண்டித்தது. தடுப்பூசி பயனுள்ளதுதான். பெற்றோரைக் கேட்காமல் போட்டதுதான் தவறு.

எனவே மருத்துவமனையிலோ ஆய்விலோ படிவத்தை நீட்டினால் கேளுங்கள்: இதற்கு நிதி தருவது யார்? இது நிரந்தரமா, தற்காலிகமா? பக்கவிளைவு வந்தால் யார் பார்ப்பார்கள்? மறுத்தால் மற்ற சிகிச்சை தொடருமா? படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் அவசரமாக வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

பணம் அமெரிக்காவில் இருந்து வருகிறதா, மும்பையில் இருந்து வருகிறதா என்பது இரண்டாவது கேள்விதான். முடிவெடுப்பது அந்தப் பெண்ணும் அவள் குடும்பமும்தானா என்பதே முதல் கேள்வி.